தபால் கார்டில் சித்திரம் தீட்டிய மேதை நந்தலால் போஸ்

ஒரு காலத்தில், மார்கழி மாதம் பிறந்துவிட்டால் போதும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடைத் தெருவில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்க விடுவார்கள். கரும்பு, பொங்கல் பானை, காளை மாடு, உதிக்கும் சூரியன் என்று விதவிதமான படங்கள் இருக்கும். வீட்டுக்கு வீடு வாங்குவார்கள். தபால்காரர் பை நிறையச் சுமந்து வருவார்.

சில வீடுகளில் கடை அட்டை வாங்க மாட்டார்கள். பிள்ளைகளே அட்டையை வெட்டுவார்கள். வெண்டைக்காயை நறுக்கி, மையில் தோய்த்துப் பூப் பூவாக அச்சுக் குத்துவார்கள். அத்தைக்கும் மாமாவுக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். கடை அட்டை எங்கேயோ போய்விடும். பிள்ளை செய்த அட்டையை மட்டும் அத்தை பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பார்.

இப்போது கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் 100 பேருக்கு வாழ்த்துப் போய்விடுகிறது. அதனால், கையால் அட்டை செய்யும் வழக்கம் குறைந்துவிட்டது.

இந்தச் சின்னப் பொழுதுபோக்கை, கிழப் பருவம் வரையில் விடாமல் செய்தவர் ஒருவர் இருந்தார். அவர் சாதாரண ஆள் அல்ல. இந்திய அரசியல் சட்டப் புத்தகத்தையே சித்திரத்தால் அலங்கரித்தவர். அவர் பெயர் நந்தலால் போஸ்.

தாயார் செய்த பொம்மை

நந்தலால் போஸ் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ந் தேதி பிறந்தார். ஊர், பீகாரில் முங்கேர் மாவட்டத்தில் உள்ள கரக்பூர். குடும்பம் வங்காளிக் குடும்பம். தகப்பனார் பூரண சந்திர போஸ், தர்பங்கா சமஸ்தானத்தில் வேலை பார்த்தார்.

தாயார் பெயர் சேத்ரமணி தேவி. கைவேலையில் கெட்டிக்காரர். கையில் கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பொம்மை செய்து கொடுப்பார். அதைப் பார்த்துப் பார்த்துச் சிறுவன் நந்தலாலுக்கும் கை துருதுருத்தது. களிமண்ணில் உருவம் பிடித்தான். பூசைப் பந்தல்களை அலங்கரித்தான்.

நந்தலாலுக்கு 8 வயது ஆனபோது தாயார் இறந்துவிட்டார். பொம்மை செய்து கொடுக்க ஆள் இல்லை. ஆனால் அம்மாவிடம் கற்ற கைப்பழக்கம் மகனை விட்டுப் போகவில்லை.

பரீட்சையில் தோல்வி

1898ல் படிப்புக்காக நந்தலால் கல்கத்தாவுக்குப் போனார். பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்லூரிப் படிப்புதான் ஏறவில்லை. மனமெல்லாம் சித்திரத்தில் இருந்தது. ஓவியம் கற்க வேண்டும் என்று கேட்டார். குடும்பத்தார் ஒப்புக்கொள்ளவில்லை.

1903ல் திருமணம் நடந்தது. மனைவி பெயர் சுதீரா தேவி. அப்போது நந்தலாலுக்கு வயது 20. சம்பாத்தியம் கிடையாது. பரீட்சையில் தேர்ச்சியும் கிடையாது. ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரிக்குப் போனார். 1905ல் வணிகப் படிப்பில் சேர்ந்தார். அதிலும் தோல்வி.

திருமணமான பிள்ளை, படிப்பும் வராமல், படம் படம் என்று அலைந்தால் எந்தக் குடும்பம்தான் கவலைப்படாது? ஆனாலும் நந்தலால் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் குடும்பத்தார் இசைந்தார்கள். கல்கத்தா அரசாங்க ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஒரு நல்ல குரு வாய்த்தார். அவர் அபனீந்திரநாத் தாகூர். கவி ரவீந்திரநாத் தாகூரின் உறவினர். வெள்ளைக்காரர் பாணியைக் காப்பி அடிக்காமல், நம் நாட்டு முறையில் படம் வரைய வேண்டும் என்று போதித்தவர். அந்தக் குருவிடம் நந்தலால் முதல் மாணவராகத் திகழ்ந்தார். சிவனும் சதியும் இருக்கும் படம் ஒன்றுக்கு 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் அது பெரும் தொகை.

அஜந்தாவும் பனைமலையும்

1909ல் நந்தலால் அஜந்தாக் குகைக்குப் போனார். ஹெரிங்ஹாம் சீமாட்டி என்ற ஆங்கிலப் பெண்மணி, அழிந்து வரும் அந்தச் சுவர் ஓவியங்களைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டிருந்தார். நந்தலாலும் வேறு சில இளம் ஓவியர்களும் அவருக்கு உதவினார்கள். பழைய ஓவியர்கள் ஒரே கோட்டில் எப்படிக் கண்ணையும் கையையும் உயிரோடு காட்டினார்கள் என்பதை நந்தலால் அங்கே கற்றார்.

அந்தப் பழைய சுவர் ஓவியக் கலை நம் பக்கத்திலும் இருந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் பனைமலை என்று ஓர் ஊர். அங்கே குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய சிவன் கோவில் இருக்கிறது. கட்டி 1,200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் சுவரில், குடைக்குக் கீழே நிற்கும் பார்வதியின் ஓவியம் மிச்சம் இருக்கிறது. தலையைச் சாய்த்து, காலை மடித்து நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்தால், அஜந்தாவில் நந்தலால் என்ன கற்றிருப்பார் என்பது விளங்கும்.

சாந்திநிகேதனம்

ரவீந்திரநாத் தாகூர், சாந்திநிகேதனத்தில் 1919ல் கலாபவனம் என்னும் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். நந்தலால் அங்கே ஆசிரியராகச் சென்றார். 1922ல் அதன் தலைவர் ஆனார். 1951ல் ஓய்வு பெறும் வரையில் அங்கேயே இருந்தார்.

மரத்தடியில் பாடம் நடக்கும். மாணவர்கள் ஆட்டையும் மாட்டையும் மரத்தையும் நேரில் பார்த்து வரைவார்கள். விலை உயர்ந்த சீமை வர்ணம்தான் வேண்டும் என்பதில்லை. மண்ணிலும் கல்லிலும் கிடைக்கும் நிறங்களை அரைத்துப் பயன்படுத்தினார்கள்.

நம் ஊரில் மார்கழியில் பெண்கள் வாசலில் கோலம் போடுவதுபோல், வங்காளத்தில் அரிசி மாவைக் கரைத்து ஆல்பனா என்று போடுவார்கள். படித்தவர்கள் பலர் அதைப் பெண்களின் வீட்டு வேலை என்று ஒதுக்கினார்கள். நந்தலால் அதையும் கலாபவனத்தில் பாடமாகச் சேர்த்தார். அவர் மகள் கௌரி ஆல்பனாவில் பெயர் பெற்றவர்.

தபால் கார்டு வந்த கதை

நந்தலாலின் கார்டுகளைப் பற்றிச் சொல்லும் முன், கார்டு வந்த கதையைத் தெரிந்து கொள்ளலாம்.

1843ல் இங்கிலாந்தில் ஹென்றி கோல் என்பவருக்குக் கடிதம் எழுத நேரம் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்தை ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு வரையச் செய்து, அச்சடித்தார். அதற்குக் கையால் வர்ணம் பூசினார்கள். கடையில் விற்ற முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அதுதான்.

தபால் கார்டு அதற்குப் பின் வந்தது. 1869ல் ஆஸ்திரியா நாடு முதலில் வெளியிட்டது. இந்தியாவில் 1879ஆம் ஆண்டு ஜூலை 1ந் தேதி தபால் கார்டு விற்பனைக்கு வந்தது. விலை காலணா. ஏழையும் கடிதம் போட அது வழி செய்தது.

இந்த ஏழைக் கார்டைத்தான் நந்தலால் கையில் எடுத்தார்.

கார்டும் தூரிகையும்

பெரிய சுவர்களில் சித்திரம் தீட்டிய கை, சின்னக் கார்டிலும் தீட்டியது. வெளியூர் போனால் கார்டில் படம் வரைந்து வீட்டுக்கு அனுப்புவார். மாணவர்களுக்கு அனுப்புவார். நண்பர்களுக்கும் அனுப்புவார்.

என்ன படம்? கண்ணில் பட்ட எல்லாம்தான். ஒரு பனைமரம். மேயும் ஆடு. தண்ணீர்க் குடம் சுமக்கும் சந்தால் பெண். மலை. படகு. நாலைந்து கோடுகள், கொஞ்சம் மை, அவ்வளவுதான். ஓரத்தில் இரண்டு வரி எழுதுவார். கடிதம் முடிந்தது.

இப்படி அவர் வரைந்த கார்டுகளுக்குக் கணக்கு வழக்கு இல்லை. விற்பதற்காக அவற்றைச் செய்யவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்காகச் செய்தது. மகளுக்குப் போட்ட கார்டு மகளுக்குத்தான். அதுபோல் இன்னொன்று கிடையாது.

இதனால் அவருக்கும் லாபம் உண்டு. தினமும் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சுருக்கமாக வரைய வேண்டும். இடம் கொஞ்சம். ஆகவே, எது வேண்டும், எது வேண்டாம் என்று மனம் தீர்மானிக்க வேண்டும். பொழுதுபோக்கு என்று செய்தது, அவருக்குத் தினசரிப் பயிற்சியாகவும் அமைந்தது.

சிவப்பு முத்திரை

1924ல் தாகூருடன் நந்தலால் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போனார். அந்நாட்டு ஓவியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சிறு கல்லில் தங்கள் பெயரைச் செதுக்கி வைத்திருப்பார்கள். படம் முடிந்ததும், அந்த முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி ஓரத்தில் குத்துவார்கள். கறுப்பு மைச் சித்திரத்தில் அந்தச் சிவப்பு, நெற்றிப் பொட்டுப்போல் விளங்கும்.

நந்தலாலின் படங்கள் பலவற்றிலும் இப்படி அவருடைய முத்திரையைக் காணலாம்.

முத்திரை குத்துவது மிகப் பழைய கலை. சிந்துவெளி மக்கள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் காளையைச் செதுக்கிக் களிமண்ணில் பதித்தார்கள். ரப்பர் ஸ்டாம்பு மிகப் பின்னால் வந்தது. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி அதை உறுதியாக்கும் முறையை 1839ல் கண்டார். அதன் பிறகே ரப்பரில் எழுத்து வார்க்க முடிந்தது. ஆபீசில் குத்தும் ரப்பர் ஸ்டாம்பு அப்படிப் பிறந்தது. பிற்காலத்தில், பூவும் பறவையும் உள்ள ரப்பர் ஸ்டாம்புகளை வைத்து வாழ்த்து அட்டை செய்வது பல நாடுகளில் பொழுதுபோக்காகப் பரவியது.

உப்பும் ஒரு சின்ன அச்சும்

1930 மார்ச் 12ந் தேதி காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடந்தார். உப்புக்கு வரி போட்ட வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்து அந்த நடைப்பயணம். உப்பு எவ்வளவு அவசியம் என்பதைத் திண்டிவனம் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரக்காணம் உப்பளம் அருகில்தானே இருக்கிறது! அதே ஆண்டில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள்.

நந்தலால் தம் வழியில் அந்தப் போரில் கலந்துகொண்டார். லினோலியம் என்று ஒரு பொருள் உண்டு. ஆளி விதை எண்ணெயும் தக்கைப் பொடியும் சேர்த்துச் செய்வது. தரையில் விரிப்பாகப் போடுவார்கள். அதில் ஒரு துண்டை எடுத்து, கோல் ஊன்றி நடக்கும் காந்தியடிகளைச் செதுக்கினார். மை தடவிக் காகிதத்தில் அழுத்தினார். செதுக்கிய கோடு வெள்ளையாக விழுந்தது. செதுக்காத இடம் கறுப்பாக விழுந்தது. கறுப்பு இரவில் வெள்ளை ஒளியாக ஒரு கிழவர் நடக்கிறார்!

பெரிய சுவரில் தீட்டிய படத்தை மக்கள் தேடிப் போக வேண்டும். அச்சுப் படமோ மக்களைத் தேடிப் போகும். ஒரே கட்டையில் எத்தனையோ பிரதிகள் எடுக்கலாம். தண்டி யாத்திரை என்றால் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த உருவம்தான்.

அதே 1930ல் தாகூர், குழந்தைகள் வங்க மொழி படிக்க ‘சகஜ் பாட்’ என்ற பால பாடம் எழுதினார். அதற்கும் நந்தலால் லினோலியத்தில் செதுக்கிய படங்களையே கொடுத்தார். எழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தையும் படத்தைப் படித்தது. பிறகு எழுத்தையும் படித்தது.

ஹரிபுரா மாநாடு

1938ல் குஜராத்தில் ஹரிபுரா என்ற கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. கிராமத்து மக்கள் பார்த்து மகிழும்படி மாநாட்டுப் பந்தலை அலங்கரிக்க வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். பொறுப்பை நந்தலாலிடம் ஒப்படைத்தார்.

நந்தலால் கையால் செய்த காகிதத்தை அட்டையில் ஒட்டினார். மண் நிறங்களை எடுத்தார். மேளம் அடிப்பவர், தையற்காரர், பஞ்சு கொட்டுபவர், காளையை அடக்குபவர் என்று உழைப்பாளிகளையே வரைந்தார். 80க்கு மேற்பட்ட படங்களை அவரே தீட்டினார். அவற்றைப் பார்த்து மாணவர்கள் நகல்கள் எடுத்தார்கள். வழிப்போக்கரும் நின்று பார்த்தார்கள். தங்களைப்போல் உள்ளவர்களே படத்தில் இருப்பதைக் கண்டார்கள்.

நாட்டின் புத்தகம்

நாடு விடுதலை பெற்றது. அரசியல் சட்டம் எழுதி முடிந்தது. மூல ஆங்கிலப் பிரதியை அச்சடிக்காமல், பிரேம் பிகாரி நாராயண் ராய்ஜாதா என்பவர் அழகிய கையெழுத்தில் எழுதினார். பக்கங்களை அலங்கரிக்கும் வேலை நந்தலாலுக்கும் அவர் மாணவர்களுக்கும் வந்தது.

சட்டத்தில் 22 பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பில் ஒரு சித்திரம். சிந்துவெளிக் காளை முத்திரை அதில் உண்டு. நம் மாமல்லபுரச் சிற்பமும் நடராசர் சிலையும் உண்டு. காந்தியடிகளின் தண்டி யாத்திரையும் உண்டு. 1950 ஜனவரி 24ந் தேதி தலைவர்கள் அந்தப் புத்தகத்தில் கையெழுத்திட்டார்கள். பரீட்சையில் தோற்ற பிள்ளையின் சித்திரம் நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறியது!

1954ல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. அவ்வளவு புகழ் வந்த பிறகும் கார்டை அவர் விடவில்லை. முதுமை வந்தது. ஏணியில் ஏறிச் சுவரில் வரைய உடம்பில் வலு இல்லை. ஆனால் சின்னக் கார்டில் மைச் சித்திரம் வரைய முடிந்தது. காகிதத்தைக் கையால் கிழித்து, ஒட்டி, உருவங்கள் செய்தார். குழந்தைகள் விளையாடுவதுபோலத்தான் அதுவும். தாயார் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற விளையாட்டு, கடைசி வரையில் துணை நின்றது.

1966 ஏப்ரல் 16ந் தேதி நந்தலால் போஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 83.

வீட்டில் செய்து பார்க்கலாம்

நந்தலால் வழியில் நம் வீட்டிலும் அட்டை செய்யலாம். செலவு அதிகம் இல்லை.

கெட்டி அட்டையைத் தபால் கார்டு அளவுக்கு, 14 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமுமாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பூ வடிவம் கிடைக்கும். வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் வட்டத்துக்குள் வட்டம் கிடைக்கும். நறுக்கிய முகத்தில் உள்ள ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மை பரவிவிடும்.

உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, அதன்மேல் மீனோ நட்சத்திரமோ வரையலாம். உருவத்தை விட்டுவிட்டுச் சுற்றி உள்ளதைச் சீவ வேண்டும். உருவம் மேடாக நிற்கும். அதில்தான் மை ஒட்டும். உருளைக்கிழங்கு அச்சு ஒரு நாள்தான் தாங்கும்.

பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரில் செதுக்கினால் பல ஆண்டு உழைக்கும். கத்தி வேலையைப் பெரியவர்கள் செய்வது நல்லது. பெயர் செதுக்குவதற்கு ஒரு தந்திரம் உண்டு. மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி எழுத வேண்டும். எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி ரப்பர்மேல் கவிழ்த்து, விரல் நகத்தால் தேய்க்க வேண்டும். எழுத்து தலைகீழ்க் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி ரப்பரில் பதியும். அதன்படி செதுக்கினால், அட்டையில் குத்தும்போது நேராக விழும்.

மைக்கு ஸ்டாம்பு பேடு போதும். அது இல்லையா? காவிக்கல்லை நீர்விட்டு இழைத்து, கொஞ்சம் கருவேலம் பிசின் கரைத்துச் சேர்க்கலாம். செம்மண் நிறம் கிடைக்கும். அச்சை நேராக வைத்து, அசையாமல் அழுத்தி, நேராக எடுக்க வேண்டும். முதல் அட்டை சரியாக வராது. மூன்றாவது வரும்.

அட்டையில் யாருக்குப் போகிறதோ அவருக்குப் பிடித்ததைக் குத்த வேண்டும். திண்டிவனத்தில் இருக்கும் அக்காளுக்கு மல்லிகைப் பூப் பிடிக்கும் என்றால், விழுப்புரத்தில் இருக்கும் தம்பி மல்லிகையைச் செதுக்கட்டும். நந்தலால் செய்ததும் அதுதானே!

நந்தன் மேளா

நந்தலால் காலமான பிறகு, 1973ல் கலாபவனத்தில் ஒரு சந்தை தொடங்கினார்கள். நந்தன் மேளா என்று பெயர். அவர் பிறந்த நாளை ஒட்டி டிசம்பர் 1, 2 தேதிகளில் கூடும் சந்தை அது. மாணவர்களும் ஆசிரியர்களும் கையால் செய்த வாழ்த்து அட்டைகள், நாட்காட்டிகள், அச்சுப் படங்கள், பொம்மைகள் ஆகியவற்றை விற்பார்கள். பணக்காரர் மட்டும் வாங்கும் விலை அல்ல. சாதாரண மக்களும் வாங்கலாம்.

விற்று வரும் பணம் எங்கே போகிறது? மாணவர் நல நிதிக்குப் போகிறது. நோய்வாய்ப்பட்ட மாணவருக்கும், ஆபத்தில் சிக்கிய மாணவருக்கும் அந்த நிதி உதவுகிறது.

அன்பைச் சொல்வதற்காக நந்தலால் கார்டு செய்தார். அவர் பெயரால் பிள்ளைகள் செய்யும் கார்டு, துன்பப்படும் தோழனுக்கு மருந்து வாங்கித் தருகிறது.